நீரொட்டா வினையூக்கிகள்: கரியமில வாயுவை எரிபொருளாக்கும் முயற்சியின் வரலாறு

நீரொட்டா வினையூக்கி என்பது, தன் மேற்பரப்பில் தண்ணீர் பரவி நிற்காதபடி மெழுகு, சிலிக்கோன், டெஃப்லான் போன்ற பொருளால் பூசப்பட்ட, அல்லது அத்தகைய பொருளுடன் கலக்கப்பட்ட வினையூக்கி ஆகும். கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரியமில வாயுவை மெத்தனால், எத்திலீன், எத்தனால் முதலிய பொருள்களாக மாற்றும் ஆய்வுகளில் இவ்வகை வினையூக்கிகள் இன்று முக்கிய இடம் பெறுகின்றன. எனினும் இந்த உத்தி கரியமில வாயுவுக்காகப் பிறந்தது அன்று. மின்கலத்திலும், மழைத்துணியிலும், கனநீர் ஆய்விலும் வளர்ந்து, பிறகே இங்கு வந்து சேர்ந்தது. அந்தப் பயணத்தை இக்கட்டுரை கூறுகிறது.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவரின் கேள்வி. நான் வசிக்கும் மண்ணூர், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ளது. சுற்றிலும் கார், லாரி, டயர், கண்ணாடித் தொழிற்சாலைகள். மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் அங்குதான் வேலை பார்க்கிறார்கள். “புகைபோக்கியில் வரும் புகையிலிருந்தே பெட்ரோல் எடுக்கலாமாமே, அப்படியானால் எங்கள் அப்பா செய்யும் இன்ஜின் வேலை போகாது அல்லவா, சார்?” என்று ஒருவர் கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் கூற இயலவில்லை. பதிலின் பெரும்பகுதி, தண்ணீர் என்ற எளிய பொருளோடு அறிவியலாளர்கள் சுமார் 180 ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டத்தில் இருக்கிறது.

தண்ணீர் ஏன் தொல்லை ஆகிறது?

கரியமில வாயுவை எரிபொருளாக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது வெப்ப வழி. கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான வினையூக்கியின் மீது உயர் அழுத்தத்தில் செலுத்துவது. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஒரு மூலக்கூறு மெத்தனால் கிடைக்கும். கூடவே ஒரு மூலக்கூறு தண்ணீரும் கிடைக்கும். எடைக்கணக்கில் பார்த்தால் 44 கிராம் கரியமில வாயுவும் 6 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் மெத்தனாலையும் 18 கிராம் தண்ணீரையும் தருகின்றன. அதாவது ஒரு டன் மெத்தனால் செய்தால் அரை டன்னுக்கும் அதிகமாகத் தண்ணீர் உண்டாகும். அந்த நீராவி வினையூக்கியின் மேல் தங்கி, வினை நிகழவேண்டிய இடங்களை அடைத்துக்கொள்கிறது. செப்புத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகவும் அது துணைபோகிறது. துகள் பெரிதானால் மொத்த மேற்பரப்பு குறையும், வினையூக்கியின் வலுவும் குறையும்.

இரண்டாவது மின் வழி. கரியமில வாயுவை மின்முனை ஒன்றில் மின்சாரத்தின் உதவியால் ஒடுக்குவது. இங்கே ஹைட்ரஜனைத் தனியாகத் தரவேண்டியதில்லை, தண்ணீரே அதைத் தருகிறது. ஆகவே தண்ணீர் தேவை. ஆனால் அதே தண்ணீர்தான் எதிரியும்கூட. 25 பாகை செல்சியசில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் கரியமில வாயுவே கரையும். கரைந்ததும் மிக மெதுவாகவே நகரும். வாயு நிலையில் அது பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே மின்முனை முழுவதும் நீரில் மூழ்கிக்கிடந்தால், கரியமில வாயு வந்து சேர்வதற்குள் மின்சாரம் தண்ணீரையே பிளந்து வெறும் ஹைட்ரஜனை வெளியிட்டுவிடும்.

ஆக, இரு வழிகளிலும் கேள்வி ஒன்றுதான். வினையூக்கியைத் தண்ணீரில் மூழ்கவும் விடக்கூடாது, மின் வழியில் முற்றிலும் காயவும் விடக்கூடாது. ‘தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டியும் ஒட்டாமலும்’ என்று நாம் உறவுகளைப் பற்றிச் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

மூன்றும் சந்திக்கும் இடம்

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் கரியமில வாயுவைப் பற்றி நினைத்தவர்கள் அல்லர். வேல்சு நாட்டில் பிறந்த வில்லியம் குரோவ், 1839-இலும் அதையடுத்த ஆண்டுகளிலும், ஹைட்ரஜனையும் ஆக்சிசனையும் சேர்த்து மின்சாரம் பெறும் ‘வாயு மின்கலத்தை’ உருவாக்கினார். இன்றைய எரிபொருள் மின்கலத்தின் முன்னோடி இதுவே. பிளாட்டினத் தகடு, அமிலக் கரைசல், வாயு ஆகிய மூன்றும் ஒருசேரத் தொடும் குறுகிய விளிம்பில்தான் செயல் நிகழ்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். தகடு முழுவதும் அமிலத்தில் மூழ்கினால் வாயு தொடாது. முழுவதும் வாயுவில் நின்றால் அமிலம் தொடாது.

1889-இல் லுட்விக் மோண்ட், கார்ல் லாங்கர் இருவரும் இந்த விளிம்பை விரிவாக்க முயன்றனர். அமிலத்தைத் தொட்டியில் நிரப்பாமல், நுண்துளை உள்ள ஒரு தட்டில் ஊறவைத்து, அதன் இருபுறமும் துளையிட்ட மெல்லிய பிளாட்டினத் தகட்டையும் பிளாட்டினக் கருந்தூளையும் பதித்தனர். நீர்மம் மின்முனையை மூழ்கடிக்கக் கூடாது என்பதே நோக்கம். மின்முனையின் துளைகளில் நீர்மம் புகுந்து வாயுவின் வழியை அடைப்பதை ஆய்வாளர்கள் ‘வெள்ளம் ஏறுதல்’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். ஏரியில் அளவாகத் தண்ணீர் இருந்தால் பயிர், கரை உடைந்தால் அழிவு என்பதை அறிந்த நம் பகுதி மாணவர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை.

மெழுகு பூசிய கரியும் மழைத்துணியும்

வெள்ளத்தைத் தடுக்கப் பூச்சு பூசும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவில் ஹெய்ஸ், ஷூமேக்கர் ஆகிய இருவரும் 1932-இல், காற்றிலுள்ள ஆக்சிசனை உள்ளிழுத்து இயங்கும் மின்கலம் ஒன்றை விவரித்தனர். அதன் நுண்துளைக் கரி மின்முனையில் பாரஃபின் மெழுகை ஊறவைத்திருந்தனர். மெழுகு ஏறிய துளைச் சுவர்களில் காரக் கரைசல் ஏறவில்லை, காற்று தடையின்றி உள்ளே வந்தது. இத்தகைய மின்கலங்கள் ரயில்பாதைச் சைகை விளக்குகளுக்குப் பயன்பட்டன.

மெழுகின்மேல் நீர் ஏன் நிற்பதில்லை என்பதற்கான விளக்கம் தனியாக வளர்ந்துவந்தது. 11-ஆம் வகுப்பு இயற்பியலில் வரும் ‘சேர்கோணம்’ என்ற கருத்துக்கு 1805-இல் அடித்தளம் இட்டவர் தாமசு யங். ஒரு நீர்த்துளி பரப்போடு உண்டாக்கும் கோணம் 90 பாகைக்குக் குறைவானால் பரப்பு நீரை விரும்புகிறது, அதிகமானால் விலக்குகிறது. 150 பாகையைத் தாண்டினால் மீநீர்விலக்குப் பரப்பு என்பர்.

ஆனால் மெழுகு பூசிய வழவழப்பான பரப்பு எதிலும் 150 பாகை வருவதில்லை. வழவழப்பான டெஃப்லானில்கூடச் சுமார் 110 பாகைதான். மீதிக்குக் காரணம் சொரசொரப்பு. 1936-இல் ராபர்ட் வென்செல், சொரசொரப்பு ஒரு பரப்பின் இயல்பைப் பெருக்கிக் காட்டும் என்று நிறுவினார். 1944-இல் காசி, பாக்ஸ்டர் என்ற இரு ஆங்கில ஆய்வாளர்கள், நுண்துளைத் துணியில் நீர்த்துளி பாதி இழையின் மேலும் பாதி காற்றின் மேலும் அமர்ந்திருக்கிறது என்று காட்டினர். மழை புகாத துணி நெய்வதும், வாத்தின் இறகு நனையாமல் இருப்பதும் அவர்களுடைய அக்கறைகள். துளிக்கு அடியில் காற்று சிறைப்பட்டிருக்கிறது என்ற அந்தக் கண்டுபிடிப்புதான், பின்னாளில் கரியமில வாயு ஆய்வுக்குக் கை கொடுத்தது. காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயு சிறைப்பட்டால் என்ன?

டெஃப்லானின் வருகை

1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில், குளிர்பதன வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த ராய் பிளங்கெட், உருளைக்குள் வாயு வெண்ணிறத் தூளாக மாறியிருப்பதைக் கண்டார். அதுவே பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன், வணிகப் பெயரில் டெஃப்லான். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பதும், குழாய் பொருத்துபவர் மரையில் சுற்றும் வெள்ளை நாடாவும் இதுவே. அமிலம், காரம், சூடு எதற்கும் எளிதில் அசையாதது, நீரையும் விலக்குவது.

மெழுகு செய்த வேலையை டெஃப்லான் இன்னும் உறுதியாகச் செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் லெனார்ட் நீட்ராக், ஹார்வி ஆல்ஃபோர்ட் இருவரும் வினையூக்கித் தூளையும் டெஃப்லானையும் சேர்த்துப் பிணைத்த மின்முனைகளை 1965-இல் வெளியிட்டனர். அதில் வினையூக்கித் துகள்களை அடுத்து நீர்மத்துக்கு ஒரு வழி, டெஃப்லானை அடுத்து வாயுவுக்கு ஒரு வழி என இரண்டு பாதைகள் பின்னிக்கிடந்தன. குரோவ் கண்ட ஒற்றை விளிம்பு, மின்முனையின் உள்ளே எண்ணற்ற விளிம்புகளாகப் பெருகியது. இதை ‘வாயு விரவு மின்முனை’ என்று அழைக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பம் சென்னைக்கும் புதியதன்று. 1990-களில் ஸ்பிக் அறிவியல் நிறுவனம் சென்னையில் எரிபொருள் மின்கல ஆய்வு நடத்தியது. பின்னர் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்தின் எரிபொருள் மின்கலப் பிரிவு, சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் மின்கலத்தில் பயன்படும் கரித்தாளுக்கு டெஃப்லான் ஏற்றுவது அத்துறையில் வழக்கமான வேலை. கரியமில வாயு மின்கலத்திற்கும் அதே கரித்தாள்தான் தொடக்கப்பொருள்.

கனநீர் கற்பித்த பாடம்

வினையூக்கிக்கே நீரொட்டாப் பூச்சு பூசும் எண்ணத்துக்கு இன்னொரு பெரிய ஊற்று அணு ஆற்றல் துறை. இயற்கை நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,500-க்கு ஒன்று டியூட்டிரியம் என்னும் கன ஹைட்ரஜன். அதைப் பிரித்துச் சேர்த்தால் கனநீர். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகள் கனநீரைப் பயன்படுத்துபவை என்பதால் நம் மாணவர்களுக்கு இப்பெயர் தெரிந்திருக்கும்.

ஹைட்ரஜன் வாயுவுக்கும் தண்ணீருக்கும் இடையே டியூட்டிரியத்தை இடம் மாற்றப் பிளாட்டினம் நல்ல வினையூக்கி. ஆனால் பிளாட்டினம் நனைந்துவிட்டால் அதைச் சுற்றி நீர்ப்படலம் கட்டும், ஹைட்ரஜன் அதைக் கடந்துவரத் தாமதமாகும், வினை நின்றுவிட்டதுபோல் ஆகும். 1970-களின் தொடக்கத்தில் கனடா அணு ஆற்றல் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், பிளாட்டினம் ஏற்றிய மணிகளுக்குச் சிலிக்கோன் போன்ற நீரொட்டாப் பொருளைப் பூசினார். நீர்மம் வெளியே நின்றது, நீராவியும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ளே புகுந்தன. அதே பிளாட்டினம், அதே வாயு. மாறியது தண்ணீரை நிறுத்திய இடம் மட்டுமே. வினையூக்கியின் உலோகத்தை மாற்றாமல், அதன் அக்கம்பக்கத்தை மாற்றியே வினையை விரைவுபடுத்தலாம் என்பதை இது தெளிவாகக் காட்டியது.

கரியமில வாயு மின்முனைக்கு வருகிறது

கரியமில வாயுவை மின்சாரத்தால் மாற்றலாம் என்பது பழைய செய்தி. 1870-இல் பிரான்சின் ரோயே, துத்தநாக மின்முனையைக் கொண்டு அதை ஃபார்மிக் அமிலமாக்கினார். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது ஆய்வக வேடிக்கையாகவே இருந்தது.

1985-இல் சப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி, பல உலோகங்களை ஒரே முறையில் சோதித்து, ஒவ்வோர் உலோகமும் வெவ்வேறு பொருளைத் தருகிறது என்று வெளியிட்டார். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடைத் தருவன. செம்பு மட்டும் மீத்தேன், எத்திலீன் போன்ற ஹைட்ரோகார்பன்களைக் கணிசமாகத் தந்தது. இன்றளவும் இத்துறையின் மைய உலோகம் செம்பே.

ஹோரியின் மின்முனைகள் நீரில் மூழ்கியவை. நீரில் கரைந்த கரியமில வாயுவை மட்டும் நம்பியிருந்தால், மின்முனையின் ஒரு சதுர செ.மீ. பரப்புக்குச் சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் போக முடியாது. ஆலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். எனவே எரிபொருள் மின்கலத்தின் டெஃப்லான் மின்முனை இங்கே கடன் வாங்கப்பட்டது. 1987-இல் மகமூது குழுவினர் டெஃப்லான் பிணைத்த கரியில் ஈயத்தை ஏற்றி ஃபார்மிக் அமிலம் செய்தனர். 1990-இல் அமெரிக்காவில் குக், மக்டஃப், சாமெல்ஸ் மூவரும் செம்பு ஏற்றி எத்திலீனும் மீத்தேனும் பெற்றனர். நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் சாத்தியமானது.

ஆனால் வெள்ளம் விடவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். எதிர்மின் அழுத்தம் கூடும்போது கரி தன் நீர்விலக்கும் தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. மேலும், வினையில் உண்டாகும் ஹைட்ராக்சைடு அயனிகள் கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் பைகார்பனேட்டு போன்ற உப்புகளாகத் துளைகளில் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல் அது துளையை அடைப்பதோடு, தண்ணீரையும் உள்ளே இழுத்து வருகிறது. காலையில் நன்றாக வேலை செய்த மின்முனை மாலையில் வெறும் ஹைட்ரஜன் விட்டுக்கொண்டிருக்கும்.

தாமரை இலையும் நீர்ச்சிலந்தியும்

1997-இல் செருமனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸ் இருவரும் தாமரை இலை ஏன் அழுக்காவதில்லை என்று விளக்கினர். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இலை வழவழப்பாக இல்லை. சிறு மேடுகள், அவற்றின்மேல் மிக நுண்ணிய மெழுகுக் குழல்கள் இருக்கின்றன. நீர்த்துளி அவற்றின் நுனிகளில்தான் நிற்கிறது, இடையிலே காற்று. காசியும் பாக்ஸ்டரும் துணியில் கண்டதையே தாமரை எப்போதோ செய்துவைத்திருந்தது. மாணவர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். தாமரை இலையையோ சேம்பு இலையையோ ஒரு வாளி நீரில் அமிழ்த்திச் சாய்வாகப் பாருங்கள். இலை வெள்ளித்தகடுபோல் மின்னும். அந்த மினுமினுப்பு இலையின் நிறமன்று, அதன்மேல் சிறைப்பட்ட காற்றுப் படலம்.

ஐரோப்பிய நன்னீர்க் குட்டைகளில் வாழும் நீர்ச்சிலந்தி இதே உத்தியால் நீருக்கடியில் மூச்சுவிடுகிறது. அதன் உடல் மயிர்கள் காற்றுப் படலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இதை முன்மாதிரியாகக் கொண்டு, பாரிசின் கொலேஜ் த பிரான்சில் மார்க் ஃபோன்ட்கேவ் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் வேக்கர்லியும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மரக்கிளைபோல் கிளைத்த செம்பை எடுத்து, 18 கார்பன் நீளமுள்ள மெழுகு போன்ற தயோல் என்னும் கந்தகச் சேர்மத்தை அதன்மேல் பூசினர். பூசாத செம்பில், செலுத்திய மின்சாரத்தில் 9 விழுக்காடு எத்திலீனுக்கும் 4 விழுக்காடு எத்தனாலுக்கும் சென்றது. பூசிய செம்பில் அது முறையே 56, 17 விழுக்காடாக உயர்ந்தது. உலோகம் ஒன்றே. வேறுபாடு, செம்பின்மேல் தங்கியிருந்த கரியமில வாயுப் படலம்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2018-இல், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டெட் சார்ஜென்ட் குழுவினர் கரித்தாளையே விலக்கிவிட்டு, நுண்துளை டெஃப்லான் படலத்தின்மேல் செம்பைப் படியவைத்தனர். எத்திலீனுக்கு 70 விழுக்காடு மின்சாரம் சென்றது, 150 மணி நேரம் நிலைத்தது. 2020-இல் அதே குழு, நீரை விரும்பும் பகுதியும் விலக்கும் பகுதியும் ஒன்றாக அமைந்த பல்லுறுப்பியைச் செம்பின்மேல் பூசி, ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு ஆம்பியருக்கும் மேல் எட்டியது. விலக்கும் பகுதி வழியே வாயு வந்தது, விரும்பும் பகுதி வழியே நீரும் அயனிகளும் வந்தன. ஒட்டியும் ஒட்டாமலும் என்பது இங்கே ஒரே பூச்சில் கைகூடியது.

வெப்ப வழியில் நீரொட்டா உறை

வெப்ப வழியின் வரலாறு 1902-இல் பிரான்சில் பால் சபாத்தியே, செந்தரன் இருவரும் நிக்கலின்மேல் கார்பன் ஆக்சைடுகளையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக மாற்றியதில் தொடங்குகிறது. சபாத்தியே 1912-இல் நோபல் பரிசு பெற்றார். 1923-இல் செருமனியில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் மெத்தனாலைத் தொழில்முறையில் செய்தது. 1966-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினா வினையூக்கியைக் கொண்டு அழுத்தத்தை 50 முதல் 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்குக் குறைத்தது. இன்றைய மெத்தனால் ஆலைகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

அவை கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயுக்கலவைக்கு ஏற்றவை. கரியமில வாயுவை நேரடியாகச் செலுத்தினால் தண்ணீர் கூடுகிறது. அதைச் சமாளிக்க வினையூக்கியின் அருகே நீரை விலக்கும் சூழலை அமைக்கும் முயற்சிகள் அண்மையில் வலுப்பெற்றன. 2021-இல் சீனாவின் ஊகான் பல்கலைக்கழகத்தினர் இரும்பு–மாங்கனீசு வினையூக்கியைச் சுற்றி நீரொட்டாச் சிலிக்கா உறை அமைத்தனர். உண்டான நீர் உள்ளே திரும்பிவரவில்லை. அதனால் வேண்டாத உடன்விளைபொருள்களான கரியமில வாயு, மீத்தேன் இரண்டும் சேர்ந்து 22.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கின. 2022-இல் இன்னொரு சீனக் குழுவினர் பூச்சே பூசாமல், நீரொட்டாப் பல்லுறுப்பித் தூளை வினையூக்கியோடு கலந்தாலே நீர் விரைவில் வெளியேறுகிறது என்று காட்டினர். இவ்விரு சோதனைகளும் கார்பன் மோனாக்சைடில் செய்யப்பட்டவை. கரியமில வாயுவுக்கும் இக்கருத்தை நீட்டும் பணி தொடர்கிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தமிழ்நாட்டில் மின்வேதியியலுக்கு வலுவான அடித்தளம் உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1953 சனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்கி ஆய்வு மையம் 2006-இல் தொடங்கப்பட்டது.

பெங்களூரு சவகர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தில் செபாஸ்டியன் பீட்டர் கரியமில வாயுவை மெத்தனாலாக்கும் வினையூக்கிகளை உருவாக்கினார். அங்கிருந்து பிறந்த பிரீத் நிறுவனம், கரியமில வாயுவைப் பயன்படுத்துவதற்கான பன்னாட்டு எக்ஸ்பிரைசுப் போட்டியில் 2018-இல் இறுதிச்சுற்றின் பத்து அணிகளுள் ஒன்றானது. 2021-இல் வென்ற இரு அணிகளும் கரியமில வாயுவைக் கான்கிரீட்டில் சேர்த்தவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் தேசிய அனல்மின் கழகம் நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடித்து 10 டன் மெத்தனால் செய்யும் அமைப்பை நிறுவி, 2024 நவம்பரில் முதல் மெத்தனாலைப் பெற்றதாக அறிவித்தது. தமிழ்நாட்டில், தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு ஏற்பட்டது. அந்த வாயு எரிபொருளாகவில்லை, சோடா உப்பானது. காரணம் எளிது. சோடா உப்பாக்க ஹைட்ரஜன் வேண்டியதில்லை.

கணக்கும் தீராத சிக்கல்களும்

கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது. அதை மீண்டும் எரிபொருளாக்க, எரிந்தபோது வெளிவந்த ஆற்றலையும் அதற்கு மேலும் திருப்பித் தரவேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 188 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஏறத்தாழ 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். ஆக, ஒரு டன்னுக்குச் சுமார் 10,000 யூனிட். அந்த மெத்தனாலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 5,500 யூனிட். எந்தப் பூச்சும் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றாது. வீணாவதைக் குறைக்கும், வினையூக்கியின் ஆயுளைக் கூட்டும், அவ்வளவே. நிலக்கரி மின்சாரத்தில் இதைச் செய்தால் பிடித்த கரியமில வாயுவைவிட வெளியிட்டது அதிகமாகிவிடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் மிஞ்சும் நேரங்களில், மின்கலத்தால் இயக்கக் கடினமான கப்பல், விமானம் போன்றவற்றுக்கும், வேதிப்பொருள் செய்வதற்கும் இது பொருளுள்ளதாகும்.

பூச்சுக்கும் குறைகள் உண்டு. மெழுகும் தயோலும் நாளடைவில் கழன்றுவிடுகின்றன. ஆலைக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் தேவை, ஆய்வகங்கள் பலவும் நூறு மணிகளைப் பேசுகின்றன. அளவுக்கு மீறிப் பூசினால் மின் வழியில் நீரும் அயனிகளும் வராமல் வினை நின்றுவிடும். டெஃப்லான் உள்ளிட்ட புளூரின் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இவ்வகைச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்வைத்தன. ஆகவே புளூரின் இல்லாத சிலிக்கோன், கொழுப்பமிலம், மெழுகு வகைப் பூச்சுகளின்மேல் மீண்டும் கவனம் திரும்பியுள்ளது. 1932-இன் மெழுகுக்கே ஒரு வகையில் திரும்பிச் செல்கிறோம்.

மாணவருக்கு ஒரு பதில்

எங்கள் மாணவருக்கு நான் சொன்ன பதில் இது. புகையிலிருந்து எரிபொருள் செய்ய முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது அப்பாவின் இன்ஜின் வேலையைக் காப்பாற்றும் என்று இன்றைக்கு யாரும் உறுதி தர முடியாது. கார்களுக்கு அதே மின்சாரத்தை நேரே மின்கலத்தில் ஏற்றுவது சிக்கனம். அதே வேளையில், உலோகத்தின்மேல் சீராக, கழலாமல், அளவாகப் பூச்சு ஏற்றும் திறமை இந்தத் தொழிற்பகுதியின் பெயின்ட் பட்டறைகளில் நாள்தோறும் பழகும் திறமை. இன்ஜின் போனாலும் அந்த வகை வேலைக்குத் தேவை குறையாது.

இத்துறையைப் பற்றிய செய்தி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணி நேரம் நிலைத்தது? மின்சாரம் எங்கிருந்து வந்தது? கரியமில வாயு எங்கிருந்து வந்தது, எரிந்தபின் எங்கே போகும்? இம்மூன்றுக்கும் விடை இருக்கும் செய்தியை நம்பிப் படிக்கலாம். விடை இல்லாவிட்டால், அடுத்த செய்தி வரும்வரை காத்திருக்கலாம்.